பேட்காஸ்டிங் ரீல் மக்கர் செய்கிறதா? அறிகுறியிலிருந்து பழுதுக்கு

டெக்சாஸின் ஹூஸ்டன் வட்டாரத்தில் தூண்டில் போட்டு பாஸ் என்ற நன்னீர் மீன் பிடிக்கும் நண்பர்கள் அவ்வப்போது ஒரு பேட்காஸ்டிங் ரீலை (ராடு எனும் தூண்டில் கோலின் மேல் அமரும் சுற்றுக் கருவி; எறியும்போது ஸ்பூல் எனும் அதன் உருளையே சுழன்று நரம்பை விடும்) கொண்டுவந்து, "கெட்டுப்போய்விட்டது, கொஞ்சம் பாருங்கள்" என்று என் மேசையில் வைப்பார்கள். உண்மையிலேயே திறந்து பார்க்க வேண்டிய ரீல் அவற்றில் குறைவு. ஒரு குமிழ் இடம் மாறியிருக்கும். நரம்பை, அதாவது தூண்டில் இழையை, ஸ்பூலின் விளிம்பு வரை அடைத்துச் சுற்றியிருப்பார்கள். அல்லது 5 கிராம் லூரை (செயற்கை இரையை) அதற்குச் சற்றும் பொருந்தாத ரீலில் கட்டி எறிந்திருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவாகாத காரணத்தில் தொடங்குகிறேன். திருப்புளியும் பணப்பையும் கடைசியில்தான்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். குமிழையும் பிரேக்கையும் சேர்த்துத் திருகிவிட்டால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எதற்கும் முன்பு: அடிப்படை நிலை

அன்று எறியப்போகும் லூரையே கட்டுங்கள். வேறு எடைக்குச் செய்த அமைப்பு இதற்கு உதவாது. ராடின் நுனியைச் சற்று உயர்த்திப் பிடித்து, கட்டைவிரல் பட்டையை அழுத்தி ஸ்பூலை விடுவியுங்கள். பெரும்பாலான ரீல்களில் கைப்பிடிப் பக்கத்தில், நட்சத்திர வடிவ டிராக்குக்கு (மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு எளிதில் வெளியேறலாம் என்பதை மாற்றும் சக்கரம்) அருகே ஒரு சிறு குமிழ் இருக்கும். ஸ்பூலின் இறுக்கத்தை மாற்றுவது அதுதான். லூர் மெதுவாக இறங்க வேண்டும்; தரையைத் தொட்டதும் ஸ்பூல் கிட்டத்தட்ட அப்போதே நிற்க வேண்டும். நிற்காமல் சுற்றினால் குமிழை இறுக்குங்கள். லூர் இறங்கவே மறுத்தால் தளர்த்துங்கள்.

எறியும்போது ஸ்பூலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். டயலில் 10 வரை எண் இருந்தால் 7 அல்லது 8இல் வையுங்கள். டயல் இல்லாமல் பக்க மூடிக்குள் சிறு பிரேக் கட்டைகள் இருக்கும் ரீல் என்றால், எல்லாக் கட்டைகளையும் இயங்கும் நிலையில் வைத்துத் தொடங்குங்கள். பிறகு குறைக்கும்போது நேரெதிராக இருக்கும் இரண்டிரண்டாக அணையுங்கள். ஒருபக்கமாக அணைத்தால் ஸ்பூல் அதிரும்.

கை பழகியவர்கள் ஸ்பூல் பக்கவாட்டில் ஆடாத அளவுக்கு மட்டும் குமிழை வைத்துவிட்டு, மற்றதைப் பிரேக்கிடமும் கட்டைவிரலிடமும் விட்டுவிடுவார்கள். டைவா நிறுவனத்தின் சில ரீல்கள் தொழிற்சாலையிலிருந்தே அந்த நிலையில் வருகின்றன. அவற்றில் குமிழைத் தொடாமல் பிரேக் டயலை மட்டும் திருப்புங்கள்.

அறிகுறி 1: எறியும்போது நரம்பு சிக்குகிறது

என்னிடம் வரும் புகார்களில் பெரும்பகுதி இதுதான். காரணம் தேடுவதற்கு முன் சிக்கை எடுக்க வேண்டும். நட்சத்திர டிராக்கை இறுக்குங்கள். சிக்கின் மேல் கட்டைவிரலை நன்றாக அழுத்திக்கொண்டு கைப்பிடியை ஐந்தாறு முறை சுற்றுங்கள். பிறகு பட்டையை அழுத்தி, நரம்பை மெதுவாக வெளியே இழுங்கள். எங்கே தடுக்கிறதோ அங்கே மறுபடியும் அழுத்திச் சுற்றுங்கள். கொடூரமாகத் தோன்றும் பல சிக்குகள் இப்படியே அவிழ்ந்துவிடும். கத்தி நுனியாலும் கொக்கியாலும் குத்திக் கிளறினால் அடியில் இருக்கும் நல்ல நரம்பும் கீறிப்போகும்.

அவிழ்ந்த பின் நரம்பைக் கண்ணால் பாருங்கள். ஒற்றை இழை நரம்புகளான மோனோவும் (நைலான்) ஃப்ளூரோகார்பனும் மடிந்த இடத்தில் வலு இழக்கும். ஃப்ளூரோகார்பன் இதில் இன்னும் மோசம். வெள்ளை மடிப்பு தெரிந்தால் தயங்காமல் அந்த இடம் வரை வெட்டி எறியுங்கள். அடுத்த பலமான வீச்சில் லூர் மட்டும் தனியாகப் பறந்து போவதைவிட இது மலிவு.

இப்போது காரணம். சிக்கு *எந்தக் கணத்தில்* விழுந்தது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

*கையைவிட்ட உடனேயே சிக்கினால்:* முதலில் உங்கள் வீச்சைச் சந்தேகியுங்கள். ஸ்பின்னிங் ரீலில் (எறியும்போது ஸ்பூல் சுழலாமல் நரம்பு மட்டும் உருவி வெளியேறும் வகை) பழகியவர்கள் வெடுக்கென்று உதறுவார்கள். பேட்காஸ்டிங் ரீல் அதைப் பொறுக்காது. ராடு வளைந்து தானே எறியும்படி நிதானமாக வீசுங்கள். லூர் நுனியிலிருந்து ஒரு சாண் தூரம் தொங்கட்டும். நுனி வளையத்தில் நரம்பு ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்கு எளிதில் படாத காரணம் இது. பிறகு பிரேக்கை ஒரு படி ஏற்றுங்கள். உச்சத்தில் வைத்தும் சிக்கினால் லூரின் எடையைப் பாருங்கள். வழக்கமான பேட்காஸ்டிங் ரீலுக்கு 7 கிராமுக்குக் கீழே எறிவது போராட்டம்தான். 10 முதல் 20 கிராம் வரை அது மகிழ்ச்சியாக எறியும். பிரேக் கட்டைகள் உள்ள ரீலில் பக்க மூடியைத் திறந்து, கட்டைகள் உரசும் வளையத்தில் எண்ணெய் வழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணெய் பட்டால் பிரேக் வழுக்கும். பஞ்சுக்குச்சியால் துடைத்தால் போதும்.

*நடுவானில் சிக்கினால்:* காற்று. காலையில் கண்ணாடியாகக் கிடக்கும் கான்ரோ ஏரி, தெற்கிலிருந்து காற்று எழுந்தால் மதியத்துக்குள் வேறு ஏரியாகிவிடும். காலையில் செய்த அமைப்பு அப்போது செல்லாது. பிரேக்கை இரண்டு படி ஏற்றி, லூரைத் தாழ்வாக எறியுங்கள். ஸ்பின்னர்பெய்ட் போல அகலமான தகடு உள்ள லூர்கள் காற்றில் சட்டென்று வேகம் இழக்கும். ஒல்லியான, கனமான லூருக்குச் செய்த அமைப்பில் இவற்றை எறியாதீர்கள்.

*லூர் தண்ணீரைத் தொட்டதும் சிக்கினால்:* ரீலில் குற்றமில்லை. லூர் நீரில் விழுவதற்குச் சற்று முன் கட்டைவிரல் ஸ்பூலை நிறுத்தியிருக்க வேண்டும். விரல் பழகும் வரை குமிழைச் சிறிது கூடுதலாக இறுக்கி வைக்கலாம். வீச்சு தூரம் கொஞ்சம் குறையும். புதிதாகப் பழகுபவர்களுக்கு இன்னொரு யோசனை: நல்ல வீச்சு தூரத்துக்கும் சற்று அதிகமாக நரம்பை வெளியே இழுத்துவிட்டு, ஸ்பூலில் மிச்சமிருப்பதன் மேல் ஒரு சுற்று மின்சார டேப் ஒட்டிவிட்டு, நரம்பைத் திரும்பச் சுற்றுங்கள். சிக்கு அந்த டேப்பைத் தாண்டி ஆழமாக இறங்காது.

*என்ன செய்தாலும் சிக்கினால்:* நரம்பைப் பாருங்கள். ஸ்பூல் விளிம்புக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கீழே நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் தளர்ந்த சுற்றுகள் தாமாகவே எழும்பும். கடையில் "நிறைய போட்டிருக்கிறோம்" என்று பெருமையாகச் சுற்றிக்கொடுத்த ரீல்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அடுத்தது விறைப்பு: 20 பவுண்டு வலிமையுள்ள ஃப்ளூரோகார்பன் சிறிய ஸ்பூலில் சுருளாக எழுந்து நிற்கும். 12 அல்லது 15 பவுண்டு மோனோவைச் சுற்றிச் சோதியுங்கள். சிக்கு நின்றால் வழக்கு முடிந்தது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சிக்கினால், பக்க மூடி முழுவதும் அமர்ந்து பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பூலை வெளியே எடுத்து, அதன் தண்டை விரல்களில் உருட்டி, விளிம்பு தள்ளாடுகிறதா என்று கவனியுங்கள். தள்ளாடினால் ஸ்பூல் வளைந்திருக்கிறது. அதை நிமிர்த்த முயலாதீர்கள். மாற்று ஸ்பூல் கேளுங்கள். ஷிமானோ நிறுவனத்தின் டிசி வகை போல மின்னணுப் பிரேக் உள்ள ரீலில் பிரேக் வேலையே செய்யவில்லை என்றால், அந்தப் பகுதியைத் திறக்காமல் சேவை மையத்துக்கு அனுப்புங்கள்.

அறிகுறி 2: சிக்கு இல்லை, ஆனால் லூர் தூரம் போகவில்லை

பெரும்பாலும் முதல் அறிகுறிக்குப் பயந்து எல்லாவற்றையும் இறுக்கி வைத்ததன் விளைவு. குமிழை முதலில் தளர்த்துங்கள், பிறகு பிரேக்கை ஒவ்வொரு படியாக இறக்குங்கள். ஸ்பூலில் நரம்பு பாதிதான் இருந்தாலும் தூரம் குறையும். ராடின் கைப்பிடிக்கு மேலே அச்சிட்டிருக்கும் லூர் எடை வரம்பைப் படியுங்கள். கனமான ராடில் லேசான லூர் என்றால் ராடு வளையாது, லூரும் போகாது. பின்னல் நரம்பின் முனையில் ஃப்ளூரோகார்பன் துண்டு கட்டியிருந்தால், அந்த முடிச்சு, ரீலின் முன்னால் இடமும் வலமும் ஓடி நரம்பைப் பரப்பும் வளையத்தில் தட்டுகிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு வீச்சிலும் "டக்" என்று ஒலித்தால் துண்டைச் சுருக்கி, முடிச்சை ரீலுக்கு வெளியே வையுங்கள்.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் பேரிங். குமிழை முழுக்கத் தளர்த்தி, பிரேக்கை மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி, ஸ்பூலை விரலால் சுண்டிவிடுங்கள். சத்தமில்லாமல் நெடுநேரம் ஓட வேண்டும். சட்டென்று நின்றால் ஸ்பூல் பேரிங்குகளைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, முழுவதும் உலரவிட்டு, ரீலுக்கான மெல்லிய எண்ணெயில் ஒரு துளி மட்டும் விடுங்கள். ஒன்றுக்கு மூன்று துளி விட்டால் மூன்று மடங்கு நல்லது என்று நினைப்பவர்களின் ரீல்தான் அடுத்த வாரமும் என்னிடம் வரும். கிரீஸ் இங்கே கூடவே கூடாது, அது கியர்களுக்கு. துரு நீக்கும் ஸ்பிரேயான டபிள்யூடி-40 அடித்துவிட்டு எண்ணெய் போட்டதாக நினைப்பதும் வேண்டாம்.

அறிகுறி 3: மீன் இழுக்கும்போது நரம்பு போய்க்கொண்டே இருக்கிறது

"டிராக் போய்விட்டது" என்ற தீர்ப்போடு வரும் ரீல்களில் மூன்று வெவ்வேறு பழுதுகள் கலந்திருக்கும். பிரித்தறிய ஒரு சோதனை போதும். நட்சத்திரத்தை முழுக்க இறுக்கி, பட்டை மேலேறிப் பூட்டிய நிலையில், நரம்பைத் துணியில் சுற்றிப் பிடித்து இழுங்கள். பின்னல் நரம்பை வெறுங்கையால் இழுத்தால் தோலை அறுத்துவிடும். இப்போது எது அசைகிறது?

*நரம்பு வருகிறது, ஸ்பூல் அசையவில்லை:* நரம்புக் கட்டு மொத்தமாக ஸ்பூலின் மேல் வழுக்குகிறது. வழவழப்பான ஸ்பூலில் பின்னல் நரம்பை நேரடியாகக் கட்டியதுதான் காரணம். எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, அடியில் சில மீட்டர் மோனோ சுற்றி, அதன் மேல் பின்னல் நரம்பைக் கட்டுங்கள். செலவு கிட்டத்தட்ட இல்லை. இதே பழுதுக்காக டிராக் வாஷர்களை (டிராக்குக்குள் உரசிப் பிடிக்கும் தட்டுகளை) வாங்கி மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

*ஸ்பூல் சுற்றுகிறது, கைப்பிடி அசையவில்லை:* இது உண்மையான டிராக் வழுக்கல். முதலில், வழுக்க வேண்டிய அளவில்தான் வழுக்குகிறதா என்று அளந்து பாருங்கள். பயணப்பெட்டி எடை பார்க்கும் தராசின் கொக்கியில் நரம்பைக் கட்டி இழுத்தால் போதும். திறந்த நீரில் நரம்பின் வலிமையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது வழக்கம். 15 பவுண்டு நரம்புக்கு 4 அல்லது 5 பவுண்டு. லேக் ஃபோர்க் ஏரி போல மூழ்கிய மரங்கள் நிற்கும் இடத்திலோ, சாம் ரேபர்ன் ஏரியில் நீர்ச்செடிகளுக்குள்ளோ 50, 65 பவுண்டு பின்னல் நரம்போடு நிற்பவர்கள் டிராக்கை ஏறக்குறைய பூட்டிவிடுவார்கள். அங்கே மீனுக்கு ஓட இடம் கொடுத்தால் அது மரத்தைத்தான் சுற்றும்.

முழுக்க இறுக்கியும் பிடிப்பு இல்லையென்றால் வாஷர்கள் எண்ணெயில் ஊறியோ தேய்ந்தோ போயிருக்கின்றன. பிடித்து விட்டு, பிடித்து விட்டு வெட்டி வெட்டிப் போனாலும் அதே இடம்தான். இதற்குக் கைப்பிடிப் பக்க மூடியைக் கழற்ற வேண்டும். முன்பு ரீல் பிரித்திருந்தால் செய்யுங்கள்; ஒவ்வொரு அடுக்கையும் எடுக்கும்போது கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்துப் பழக்கம் இல்லாதவர்கள் இந்த இடத்தில் பழுதுபார்ப்பவரைத் தேடலாம். வாஷர் மாற்றுவது அவருக்குச் சிறிய வேலை. சரியான பிறகு, வீட்டில் வைக்கும்போதெல்லாம் நட்சத்திரத்தைத் தளர்த்தி வையுங்கள்.

*கைப்பிடியே பின்னோக்கிச் சுற்றுகிறது:* டிராக்குக்கு இதில் சம்பந்தமில்லை. ஒருபக்கம் மட்டும் சுற்றவிடும் பேரிங் பிடியை இழந்திருக்கிறது. மீனின் வாயில் கொக்கி ஏற ராடைச் சுண்டும் வேகத்தில் கைப்பிடி திரும்பி விரல் கணுவில் அடிக்கும். குளிர்காலக் காலையில் அதன் வலி தனி. அண்மையில் ரீலுக்கு யாராவது தாராளமாகக் கிரீஸ் பூசினார்களா என்று கேளுங்கள். அந்தப் பேரிங்கின் உருளைகளுக்குள் கிரீஸ் போனால் வழுக்கும், குளிரில் இன்னும் அதிகமாக. கழற்றி, ஆல்கஹாலில் அலசி, மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு திரும்ப வைத்தால் பல ரீல்கள் உயிர்பெறும். அலசியும் வழுக்கினால் பேரிங்கையும் அதற்குள் ஓடும் குழலையும் சேர்த்து மாற்ற வேண்டும். அதைச் சேவை மையத்திடம் விடுவதே என் வழக்கம்.

அறிகுறி 4: நரம்பு ஸ்பூலில் ஒரே பக்கம் குவிகிறது

நரம்பைப் பரப்பும் வளையம் கைப்பிடியைச் சுற்றும்போது இடமும் வலமும் போகிறதா? ஒழுங்காகப் போய்வந்தும் மேடு பள்ளமாக இருந்தால், முதலில் தளர்வாகச் சுற்றியதுதான் காரணம். லூரைத் தூர எறிந்து, நரம்பை ஈரத்துணியில் பிடித்து இறுக்கமாகத் திரும்பச் சுற்றுங்கள்.

வளையம் ஒரு முனையில் நின்றுவிட்டாலோ தடுமாறினாலோ, முதலில் அது ஓடும் புரித்தண்டைப் பாருங்கள். மணலும் பாசியும் அங்கேதான் சேரும். பழைய பல்துலக்கியால் தேய்த்து, இரண்டு துளி எண்ணெய் விடுங்கள். அப்படியும் நகரவில்லையென்றால், வளையத்தின் அடியில் உள்ள சிறு மூடியைத் திருகி எடுங்கள். உள்ளேயிருந்து அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய உலோகத் துண்டு ஒன்று வெளிவரும். அதன் முனை கத்தி போல மெலிந்தோ உடைந்தோ இருந்தால் மாற்றுங்கள். ரீலில் மாற்றக்கூடிய பாகங்களில் மலிவானவற்றுள் இதுவும் ஒன்று. வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் செய்யுங்கள், ஏனெனில் சில ரீல்களில் அதனோடு மெல்லிய வாஷர் ஒன்றும் விழும். திரும்பப் பூட்டும்போது கைப்பிடியை மெல்ல அசைத்துக்கொண்டே மூடியைத் திருகினால் முனை புரிக்குள் தானே அமரும். பலவந்தமாக இறுக்கினால் புதியதும் உடையும். புரித்தண்டின் பள்ளமே தேய்ந்திருந்தால் அது பழுதுபார்ப்பவரின் வேலை.

அறிகுறி 5: சத்தம்

எறியும்போது கீச்சிட்டால் ஸ்பூல் பேரிங் உலர்ந்திருக்கிறது: ஒரு துளி எண்ணெய். இழுக்கும்போது மட்டும் கரகரத்தால் முதலில் புரித்தண்டுக்கு எண்ணெய் விடுங்கள், கைப்பிடிக் குமிழ்களுக்கும் விடுங்கள். லூர் இல்லாமல் சுற்றும்போது அமைதியாகவும், ஆழமாக ஓடும் கிராங்க்பெய்ட் வகை லூரை இழுக்கும்போது மட்டும் பல் பல்லாக உரசுவதாகவும் இருந்தால் கியர். புதுக் கிரீஸ் போட்டும் போகாவிட்டால் பற்கள் தேய்ந்திருக்கின்றன. பெரிய கியரையும் அதோடு ஓடும் சிறியதையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

ஹூஸ்டன்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாஸ் ரீலோடு கடற்கரை ஊரான கால்வெஸ்டனுக்கு ரெட்ஃபிஷ் என்ற கடல்மீன் பிடிக்கப் போய்வந்தபின் சத்தம் தொடங்கினால் உப்பைச் சந்தேகியுங்கள். அன்றே டிராக்கை இறுக்கிவிட்டு, குழாயில் மெல்ல வழியும் நன்னீரில் காட்டி, துடைத்து, உலர்ந்தபின் டிராக்கைத் தளர்த்த வேண்டும். அழுத்தமாகப் பீய்ச்சினால் உப்பை நீங்களே உள்ளே தள்ளுகிறீர்கள். துருப்பிடித்த பேரிங்கை எண்ணெய் காப்பாற்றாது, மாற்றுங்கள்.

அறிகுறி 6: கட்டைவிரல் பட்டை தங்கவில்லை, அல்லது மேலே வரவில்லை

பட்டைக்கும் சட்டத்துக்கும் இடையே மணல் இருக்கிறதா என்று பார்த்து, வெதுவெதுப்பான நீரில் அலசி உலர்த்துங்கள். மெல்லிய நரம்பு ஸ்பூல் விளிம்பைத் தாண்டிப் பின்னால் போய்ச் சிக்கியிருந்தாலும் ஸ்பூல் சுற்றாது. பக்க மூடியைத் திறந்து பாருங்கள். இந்த இரண்டும் இல்லையென்றால் உள்ளே ஒரு ஸ்பிரிங் விலகியிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. என் கருத்தில் வீட்டில் திறக்கவே கூடாத பழுதுகளில் இதுவும் ஒன்று. மூடியை எடுத்த கணத்தில் அந்த ஸ்பிரிங் அறையின் எந்த மூலைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

அனுப்புவதா, புதிது வாங்குவதா

50 டாலர் ரீலில் கியர் போனால் பழுதுபார்க்கும் கூலியே புது ரீலின் விலையை நெருங்கிவிடும்; அதை உதிரிபாகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 150 டாலருக்கு மேற்பட்ட ரீலை அனுப்பிப் பார்ப்பது நியாயம். அனுப்பும்போது மேலே சொன்ன சோதனைகளில் என்ன கண்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

புதிது வாங்குவதானால் முதல் ரீலுக்கு 6 அல்லது 7 என்று தொடங்கும் கியர் விகிதம் (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் எத்தனை சுற்று என்பது) எல்லாவற்றுக்கும் ஓடும். 5 என்று தொடங்குவது ஆழத்தில் இழுக்கும் கிராங்க்பெய்ட்டுக்கு, 8 என்று தொடங்குவது தளர்ந்த நரம்பைச் சட்டென்று சுருட்ட வேண்டிய ஜிக், பிளாஸ்டிக் புழு போன்ற லூர்களுக்கு. மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்தே திருப்பக்கூடிய பிரேக்கைத் தேர்ந்தெடுங்கள். படகில் காற்று மாறும்போது அதன் அருமை தெரியும். பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். பெரும்பாலும் 7 கிராமுக்குக் கீழே எறிபவர் என்றால் ஸ்பின்னிங் ரீல் வாங்குங்கள், இல்லையேல் லேசான லூருக்கென்றே செய்த ஆழமற்ற ஸ்பூல் ரீலைக் கேளுங்கள்.

பணம் கொடுக்கும் முன் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்பின்னிங் ரீலில் அதைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம். பேட்காஸ்டிங் ரீலில் முடியாது. இடக்கை, வலக்கை என்று தனித்தனியாகத்தான் விற்கிறார்கள், பெட்டியில் அந்தக் குறிப்பு சிறிய எழுத்தில்தான் இருக்கும்.